ஓடும் நீர் என்று எழுதியிருந்தது

மலைமுகாம்
மார்ச் 5, வியாழன்

நீர்ப்பிடிப்பு அலுவலகத்தின் நிபந்தனை எழுத்தர் அவர்களுக்கு,

அக்கா என்று தொடங்கினால் சொந்தக் கடிதம் என்று ஓரமாக வைத்துவிடுவாய். அதனால் பதவியைப் போட்டுத் தொடங்குகிறேன். முகாமில் போன் எடுக்காது. எடுத்தாலும் நீ என் போனை எடுக்கப் போவதில்லை. எடுத்து ஒரு வருடம் ஆகிறது. வியாழக்கிழமைதோறும் டீசல் லாரி வந்து போகிறது. டிரைவர் இதை உன் மேஜையில் வைப்பார்.

உங்கள் அலுவலகத்தின் இருபத்தெட்டு நிபந்தனைகளும் முகாம் கதவில் ஒட்டியாகிவிட்டன. அதன்படிதான் நடக்கிறோம். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பார்க்கிறேன். உருண்டையாக நின்றால் மண் ஈரம், அன்று இயந்திரம் இறங்காது. உதிர்ந்தால் வேலை. வெட்டிய கிளைகளைத் தடத்தில் பாய்போல் பரப்பி, அதன் மேல்தான் இழுவை இயந்திரத்தை ஓட்டுகிறோம். பொந்துள்ள மரம் ஒன்றையும் தொடவில்லை. ஒரு பொந்தில் ஆந்தை குடும்பம் நடத்துகிறது. நாங்கள் ரம்பத்தை இயக்கினால் வெளியே வந்து ஓர் அதிகாரி மாதிரி பார்க்கிறது. இயந்திரம் ஓட்டுபவனை நாங்கள் ஆமை என்போம், அவ்வளவு நிதானம். அவன் நேற்று கேட்டான்: "அண்ணே, உங்க அக்கா காட்டுக்கு ரூல் எழுதினாங்களா, இல்ல காட்டையே பெத்தாங்களா?"

இனி விஷயம். முகட்டில் தீத்தடுப்புக் கோடு ஏழு கிலோமீட்டர். அறுபது மீட்டர் அகலத்துக்குப் புதரை எடுத்து, மரங்களை இடைவெளிவிட்டு வெட்டி, தாழ்ந்த கிளைகளைக் கழித்து விட வேண்டும். மே மாதம் வறட்டுக் காற்று தொடங்குமுன் முடியாவிட்டால், அந்தப் பக்கத்துத் தீ முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும். அது உனக்கே தெரியும்.

மூன்றாவது கிலோமீட்டரில் ஓர் ஓடை. வரைபடத்தில் நீலக் கோடு, நேரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்லும் சருகும்தான். அதன் வழியே கட்டைகளை இழுத்தால் பத்து நாள் மிச்சம். உன் ஒன்பதாம் நிபந்தனை, 'ஓடும் நீரின் இரு கரையிலும் முப்பது மீட்டருக்குள் இயந்திரம் இறங்கக் கூடாது' என்கிறது. இது ஓடவில்லை. ஓடாத ஓடைக்கு ஓடை என்று பெயர் எதற்கு என்று ஆமை கேட்கிறான். இது ஓடும் நீர்தானா, இல்லையா? எழுதிச் சொல்.

ஏன் கேட்கிறேன் என்றால், உரிமம் என் பெயரில் இருக்கிறது. போன வருடம் நீ எழுதிய குறிப்பால் அதில் ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கிறது. இன்னொன்று விழுந்தால் ரத்து. என்னோடு ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேற்பார்வையாளன்
(உன் தம்பி)


நீர்ப்பிடிப்பு அலுவலகம்
மார்ச் 11

மேற்பார்வையாளருக்கு,

கடிதம் கிடைத்தது.

கரும்புள்ளியை நான் வைக்கவில்லை. உங்கள் இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய் வைத்தது. ஒன்பது லிட்டர் எண்ணெய் ஊற்றுக்குப் பத்தடி தூரத்தில் மண்ணில் இறங்கியது. ஆய்வாளர் யாராக இருந்தாலும் எழுதித்தான் இருப்பார். அதற்காக, "அவளுக்குத் தம்பி கிடையாது, கோப்புதான் தம்பி" என்று அம்மா வீட்டில் எல்லோர் முன்னிலும் சொன்ன நீங்கள் இப்போது நிபந்தனைகளைப் பற்றிக் கிண்டல் கடிதம் எழுதுவது ஆச்சரியமில்லை.

நிபந்தனைகள் தெளிவாகவே உள்ளன. எழுதியதை எழுதியபடி செய்யவும். இனி அலுவல் விஷயம் இருந்தால் மட்டும் எழுதவும்.

நிபந்தனை எழுத்தர்


மலைமுகாம்
மார்ச் 19

எழுத்தர் அவர்களுக்கு,

உத்தரவு. எழுதியதை எழுதியபடி செய்துகொண்டிருக்கிறோம்.

மூன்றாவது கிலோமீட்டர் போன சனிக்கிழமை தொடங்கியது. எழுதியபடி பார்த்தால் அங்கே ஓடும் நீர் இல்லை. ஆகவே ஓடைத்தடம் வழியே கட்டைகளை இழுக்கிறோம், ஒரு நாளைக்கு நாற்பதுக்குக் குறையாமல். கிளைப்பாய் போடவில்லை, கல் தடத்துக்குப் பாய் வேண்டும் என்று எந்த நிபந்தனையிலும் இல்லை. இந்த வேகத்தில் போனால் ஏப்ரல் கடைசிக்கு முன்பே கீழே இறங்கிவிடுவோம்.

ஆந்தை நலம். குஞ்சு பொரித்திருக்கிறது. மரத்தைச் சுற்றிப் பதினைந்து மீட்டருக்குக் காய்ந்த புதரை மட்டும் கையால் எடுத்தோம், ரம்பம் இயக்கவில்லை. இதையும் குறித்துக்கொள். கரும்புள்ளிக்குக் கோப்பு இருந்தால் வெண்புள்ளிக்கும் இருக்கும் அல்லவா?

அலுவல் விஷயம் இவ்வளவே.

மேற்பார்வையாளன்


நீர்ப்பிடிப்பு அலுவலகம்
ஏப்ரல் 1

தம்பி,

இது அலுவலகக் கடிதம் இல்லை. அலுவலகக் கடிதத்தை எங்கள் பொறியாளரே நேரில் கொண்டுவந்து கொடுத்து, வேலையையும் நிறுத்திவிட்டுப் போயிருப்பார்.

வெள்ளிக்கிழமை மழை நாற்பது நிமிடம்தான் பெய்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வடிகட்டி நிலையத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினான். "அக்கா, தண்ணி டீ மாதிரி வருது." போய்ப் பார்த்தேன். டீ கூட இவ்வளவு கெட்டியாக இருக்காது. எட்டு மணிக்குள் மணல் படுகை நான்கும் அடைத்துக்கொண்டன. குழாய்களை மூடச் சொன்னோம். ஊருக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லை. மருத்துவமனைக்கு முதலில், அப்புறம் பள்ளிக்கு, அப்புறம் தெருக்களுக்கு என்று லாரியில் பங்கிட்டோம். வரிசையில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகக் கீழிருந்து ஓடையோடு ஏறினேன். அணையில் ஓடை சேரும் இடத்தில் கூழாங்கல் மேடு இருக்கிறதே, அங்கேதான் மீன்கள் முட்டையிடும். மார்ச் தொடக்கத்தில் எண்ணிக் குறித்துவிட்டு வந்திருந்தேன். இப்போது கல்லே தெரியவில்லை, ஒரு சாண் சேறு. கையால் தோண்டி ஒரு கல்லைத் தூக்கினேன். அடியில் முட்டைகள் இருந்தன. எல்லாம் வெளுத்துப் போயிருந்தன.

மேலே ஏற ஏறத் தெரிந்தது. தொள்ளாயிரம் மீட்டருக்கு ஓடைத்தடத்தை உழுது வைத்திருக்கிறாய். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஊரைத் தீயிலிருந்து காப்பாற்றப் போனவன் ஊர்க் குடிநீரைக் குழப்பி வைத்திருக்கிறாய். ஓடைக்குள் இயந்திரத்தை இறக்க உனக்கு எப்படி மனசு வந்தது? உன்னைப் பிடிக்காமல் இருந்தேனே தவிர, உன் வேலையை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அதுதான் தாங்கவில்லை.

பதினைந்தாம் தேதி விசாரணை.

அக்கா


மலைமுகாம்
ஏப்ரல் 2

அக்கா,

லாரி கிளம்ப அரை மணி நேரம் இருக்கிறது.

எப்படி மனசு வந்தது என்று கேட்கிறாய். மார்ச் 11 தேதியிட்ட உன் கடிதத்தை எடுத்துப் பார். நகல் இருக்கும், நீ நகல் வைக்காத காகிதம் உண்டா? அதோடு மார்ச் 5 அன்று நான் எழுதியதையும் பார். இது ஓடும் நீர்தானா, இல்லையா என்று கேட்டிருக்கிறேன். எழுதியதை எழுதியபடி செய் என்று பதில் போட்டிருக்கிறாய். 19ஆம் தேதி என்ன செய்கிறோம் என்றும் எழுதினேன். அதற்கு நீ பதிலே போடவில்லை.

பொறியாளர் என்னிடம் கேட்டார்: "ஓடைக்குள்ள இறக்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா? கையில காகிதம் இருக்கா?" தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தேட வேண்டியதில்லை, என் பெட்டியில்தான் இருக்கிறது. அதைக் காட்டினால் உன் நாற்காலி போகும். காட்டாவிட்டால் என் உரிமம் போகும், ஆறு பேர் வேலையும் போகும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நம் வீட்டில்தான் விழும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கையால் செய்ய அனுமதி வாங்கினேன். தடத்தில் பதினைந்தடிக்கு ஒரு கட்டையைக் குறுக்கே புதைக்கிறோம், தண்ணீர் வேகம் குறைந்து சேறு அங்கேயே தங்கட்டும் என்று. கரையெல்லாம் கிளை பரப்புகிறோம். ஆறு பேரும் இருட்டினாலும் நிறுத்துவதில்லை. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

முட்டைகளைப் பற்றி நீ எழுதியதை அவர்களிடம் படித்துக் காட்டினேன். ஆமை சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

தம்பி


நீர்ப்பிடிப்பு அலுவலகம்
ஏப்ரல் 8

தம்பி,

இரண்டு கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். உன்னுடையதைப் படித்தேன் என்பதை விட, முதல் முறையாகப் படித்தேன் என்பதுதான் சரி.

உன் மார்ச் 5 கடிதம் வந்த அன்று 'நிபந்தனை எழுத்தர் அவர்களுக்கு' என்ற முதல் வரியிலேயே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆந்தை, ஆமை, காட்டைப் பெத்தவள் என்று கண் ஓடியது. கரும்புள்ளி என்ற சொல்லில் போய் நின்றது. நடுவில் நீ கேட்ட கேள்வியை என் கண் பார்க்கவே இல்லை. மூடி வைத்துவிட்டுப் பதில் எழுதினேன். கேள்வியே தெரியாமல் பதில் எழுதியிருக்கிறேன். 19ஆம் தேதிக் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. திங்கட்கிழமைதான் பிரித்தேன். இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

இன்னொன்றும் இருக்கிறது. 'ஓடும் நீர்' என்று எழுதியதும் நான்தான். எட்டு வருடத்துக்கு முன் வருடம் முழுக்க ஆறு ஓடுகிற ஏதோ ஒரு சீமையின் கையேட்டைப் பார்த்து அந்த வரியை எடுத்தேன். நம் மலையில் பத்து ஓடையில் எட்டு ஓடை வருடத்தில் ஒன்பது மாதம் காய்ந்துதான் கிடக்கும். எனக்குத் தெரியாததா? மேஜையில் உட்கார்ந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. இத்தனை வருடம் யாரும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாததால் அது தப்பு என்று தெரியவில்லை. மற்ற மேற்பார்வையாளர்கள் காகிதத்தைப் படிக்காமல் ஓடையைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். நீ படித்தாய்.

ஆகவே அந்தக் கடிதத்தைக் காட்டு. எனக்காகப் பார்க்காதே. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடட்டும், அதற்காக ஐந்து பேர் பிழைப்பில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. நீ காட்டாவிட்டால் என் நகலை நான் காட்டுவேன்.

போன கடிதத்தில் உன்னைப் பேசியதெல்லாம் தப்பு.

அக்கா


மலைமுகாம்
ஏப்ரல் 9

அக்கா,

உன் கடிதத்தை முகாமுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படித்தேன். இதை எழுதாமல் விட்டால் நான் நல்லவனாகவே முடிந்துவிடுவேன். அது பொறுக்கவில்லை.

எனக்குத் தெரியும்.

அது தண்ணீர் வரும் வழி என்று முதல் நாளே தெரியும். தடத்தில் இருந்த கற்களில் ஒன்றுக்கும் முனை இல்லை, எல்லாம் உருண்டவை. கரையில் மர வேர்கள் வெளியே தெரிந்தன. புதர்களில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல் சிக்கிக் கிடந்தது, போன மழைக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அளந்து வைத்த மாதிரி. பதினெட்டு வருடமாகக் காட்டில் இருக்கிறேன். இதைப் படிக்கத் தெரியாதவன் இல்லை நான்.

ஆமை இயந்திரத்தை விட்டு இறங்கி வந்தான். "அண்ணே, இது தண்ணி வர்ற வழி. அக்காவுக்கு இன்னொரு தடவ எழுதிக் கேளுங்க. ஒரு வாரம் போனாப் போகுது."

நான் உன் கடிதத்தை எடுத்து அவன் முன்னால் ஆட்டினேன். "படிச்சவங்க எழுதியிருக்காங்க. இறக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? மழை வர வேண்டும் என்று நினைத்தேன். வந்து, சேறு உன் மேஜை வரைக்கும் வர வேண்டும், உன் காகிதமே உன்னை மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஊர்க் குடிநீர் என்று நினைக்கவில்லை. மீனை நினைக்கவில்லை. உன் முகத்தை மட்டும்தான் நினைத்தேன். ஒன்பது லிட்டர் எண்ணெய்க்கு நீ எழுதிய குறிப்புக்குப் பதில் சொல்ல ஒரு வருடமாகக் காத்திருந்திருக்கிறேன் போல. எழுதியதை எழுதியபடி செய்தேன். அவ்வளவு கீழ்ப்படிந்து என் வாழ்நாளில் யாருக்கும் நடந்ததில்லை.

நீ படிக்காமல் எழுதினாய். நான் படித்துவிட்டுச் செய்தேன். எது பெரிய தப்பு என்று நீயே எடை போடு.

நீ சொன்னபடி மார்ச் 11 கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கோப்பில் வை.

தம்பி


நீர்ப்பிடிப்பு அலுவலகம்
ஏப்ரல் 15

தம்பி,

விசாரணை முடிந்தது. லாரி நாளைக்கு வருவதால் இன்றே எழுதுகிறேன்.

அலுவலகத்தின் நீள அறையில் நடந்தது, பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்திருக்கும் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கும் என்று நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. உன் மார்ச் 5 கடிதம், என் மார்ச் 11 கடிதம், உன் மார்ச் 19 கடிதம், மூன்றையும் வரிசையாக வைத்தேன். பொறியாளர் 'காட்டையே பெத்தாங்களா' என்பதைச் சத்தமாகப் படித்துவிட்டார். ஒருவர் சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"அது நீர் வழின்னு மேற்பார்வையாளருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று பொறியாளர் கேட்டார்.

"அவர் கேட்டார். நான் பதில் சொல்லல. கேட்டவங்களுக்குப் பதில் சொல்றதுதான் என் வேலை," என்றேன்.

ஏப்ரல் 9 கடிதத்தைக் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் கோப்பில் சேர்க்காத முதல் காகிதம் அது. வீட்டில் இருக்கிறது. நீ செய்ததற்குப் படிவம் உண்டு, நிரப்பியாயிற்று. மனதில் நினைத்ததற்கு எங்களிடம் படிவம் இல்லை. படித்தபோது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உன் மேல் பேச்சே வராத கோபம். மூன்றாம் நாள், ஒருவனை அந்த அளவுக்குக் கொண்டுவிட்டதில் என் பங்கு என்ன என்று யோசித்தேன். அந்த எண்ணெய்க் குறிப்பை எழுதியது சரி. எழுதிய அன்று மாலை உன் வீட்டுக்கு வந்து, 'எழுத வேண்டியதாயிற்று' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. தம்பிதானே, புரிந்துகொள்வான் என்று இருந்துவிட்டேன்.

முடிவு இது. உன் உரிமத்தில் புதிதாகப் புள்ளி இல்லை. வேலையை வெள்ளிக்கிழமை தொடங்கலாம். நான் நிபந்தனைப் பிரிவிலிருந்து மாற்றம், நீரேற்று நிலையத்தின் பண்டகசாலைக்கு. குழாய், திருகு, வால்வு எண்ண வேண்டும். ஆய்வுக்கு மலை ஏறும் அனுமதி இரண்டு வருடத்துக்கு இல்லை. சம்பளத்தில் கை வைக்கவில்லை.

போவதற்கு முன் ஒன்பதாம் நிபந்தனையை மாற்றி எழுதினேன். 'தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஓடிய தடம் இருந்தால் அது ஓடை.' எப்படி அடையாளம் காண்பது என்று கீழே மூன்று குறிப்பு: உருண்ட கல், வெளியே தெரியும் வேர், புதரில் சிக்கிய புல். உன் கடிதத்திலிருந்து எடுத்தேன். யார் சொன்னது என்று போடவில்லை.

இந்த விஷயம் இத்தோடு முடிந்தது. நீ எதையும் கிளறாதே.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

கிளறிவிட்டேன்.

திங்கட்கிழமை முகாமில் எல்லோரையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். இயந்திரத்தை இறக்கச் சொன்னபோது என் மனதில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். மரம் அறுக்கும் பெண் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நாங்க அந்தச் சேத்துல பன்னண்டு நாள் நின்னது உங்க வீட்டுச் சண்டைக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். ஆமை மட்டும், "எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. இறங்கி வந்தவன் இறங்கினபடியே நின்னிருக்கணும். மறுபடியும் ஏறி ஓட்டினேன்ல," என்றான். அவனும் தன் பங்கை வைத்துக்கொண்டான்.

அவன் மேற்பார்வையாளர் தேர்வு எழுதித் தேறியவன். செவ்வாய்க்கிழமை அவனோடு இறங்கி வந்து உரிமத்தை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். நேற்று மாலை மாற்றம் பதிவாயிற்று. இனி என் மேல் விழும் புள்ளி என் மேல் மட்டும்தான் விழும். மேலே எண்ணூறு மீட்டர் பாக்கி இருக்கிறது. காற்றுக்கு முன் ஆமை முடித்துவிடுவான். இனி நான் அவனுக்குக் கீழே கிளை சுமப்பேன்.

இன்று காலை பத்து மணிக்குப் பொறியாளரைப் பார்த்து, ஏப்ரல் 9 கடிதத்தில் இருந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் இரண்டு முறை படித்தார். "இதுக்கு உங்களுக்கு என்ன லாபம்?" என்றார். லாபம் இல்லை என்றேன். "உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். உன் மாற்றம் ரத்தாகுமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதற்காகக் கொடுக்கவும் இல்லை. நீ கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை ஒளித்துவைத்தாய் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அது நீ இல்லை. என்னால் நீ அப்படி ஆகக் கூடாது.

முன்கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்பாய். அதனால் இந்த முறை உன்னைக் கேட்கவில்லை.

இதை டிரைவரிடம் கொடுக்கவில்லை. உன் வீட்டுக் கதவடியில் நானே தள்ளிவிடுகிறேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன், தைரியம் வரவில்லை. திட்டுவதை இனி எழுதி அனுப்பாதே அக்கா. வாசலில்தான் நிற்கிறேன்.

தம்பி